மலைப்பூண்டு, இரண்டு அறை, ஒரு வெப்சைட்: எஸ்இஓவில் எந்த அறிவுரையை நம்பலாம்?

கேள்வி இதுதான். கொடைக்கானல் மலையில் பூம்பாறைப் பக்கம் இரண்டு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறார்கள். சொந்தத் தோட்டத்து மலைப்பூண்டும் விற்கிறார்கள். வேர்ட்பிரஸ்ஸில் வெப்சைட் போட்டு எட்டு மாதமாகிறது. ஹோம்ஸ்டே பெயரை அப்படியே தட்டினால்கூடக் கூகுளில் காணோம். ஒருவர் "ஆயிரம் பேக்லிங்க் (மற்ற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் லிங்க்) வாங்குங்கள்" என்கிறார். இன்னொருவர் "தினம் ஒரு கட்டுரை போடுங்கள்" என்கிறார். மூன்றாமவர் "கீவேர்டு (ஆட்கள் தேடும் சொல்) மூன்று சதவீதம் இருக்கணும்" என்கிறார். எஸ்இஓவில், அதாவது தேடலில் தளத்தை முன்னுக்குக் கொண்டுவரும் வேலையில், இதில் எது சரியான நடைமுறை, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எதை முதலில் செய்வது?

மூன்றுமே வேண்டாம். ஏன் வேண்டாம் என்று சொல்வதற்கு முன், கேள்விக்குள்ளேயே இருக்கும் ஒரு தகவலைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பெயரைத் தட்டினாலே வரவில்லை. உங்கள் பெயரில் வேறு யாரும் தொழில் நடத்தவில்லை என்றால், அந்தத் தேடலில் உங்களுக்குப் போட்டியே கிடையாது. அப்படியும் வரவில்லை என்றால் அது தரவரிசைச் சிக்கலாக இருக்க வாய்ப்புக் குறைவு. பெரும்பாலும் உங்கள் பக்கம் கூகுளின் இண்டெக்ஸில், அதாவது அது தேடிக் காட்டும் பக்கங்களின் பட்டியலில், ஏறவே இல்லை. கதவு பூட்டிக் கிடக்கும்போது திண்ணைக்கு வெள்ளையடித்து என்ன பயன்?

முதலில் பூட்டைப் பாருங்கள்

தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் டொமைன் பெயரைத் தட்டுங்கள். ஒரு பக்கமும் வரவில்லை என்றால் சந்தேகம் கிட்டத்தட்ட உறுதி. இது தோராயமான சோதனைதான்; சரியான பதில், தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் கிடைக்கும். அது இலவசம். டொமைன் வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் (டொமைன் அமைப்புகள்) பகுதிக்குப் போய், கூகுள் தரும் ஒரு டெக்ஸ்ட் ரெக்கார்டைச் சேர்த்தால் தளம் உங்களுடையது என்று உறுதியாகிவிடும். 'டொமைன் ப்ராப்பர்ட்டி' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ளது, இல்லாதது, எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் எல்லாம் ஒரே கணக்கில் வந்துவிடும்.

உள்ளே போனதும் மேலே இருக்கும் பெட்டியில் முகப்புப் பக்கத்தின் முகவரியைப் போட்டுப் பாருங்கள். "கூகுளில் இல்லை" என்று வந்தால், கீழேயே காரணமும் எழுதியிருக்கும். வேர்ட்பிரஸ் தளங்களில் அடிக்கடி வரும் காரணம் ஒரே ஒரு டிக் குறி. செட்டிங்ஸில் ரீடிங் என்ற பகுதியில், தேடுபொறிகள் இந்தத் தளத்தை இண்டெக்ஸ் செய்ய வேண்டாம் என்று சொல்லும் ஒரு கட்டம் உண்டு. தளம் கட்டி முடியும் வரை அதை டிக் செய்து வைப்பது வழக்கம். முடிந்த பிறகு எடுக்க மறப்பதும் வழக்கம். அந்தக் குறி இருந்தால் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும் 'நோஇண்டெக்ஸ்' என்ற கட்டளை போய் உட்கார்ந்துவிடும். அதன்பிறகு ஆயிரம் பேக்லிங்க் அல்ல, லட்சம் வாங்கினாலும் பக்கம் தேடலில் வராது.

இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரோபோட்ஸ் டெக்ஸ்ட் கோப்பும் நோஇண்டெக்ஸும் ஒன்றல்ல. ரோபோட்ஸ் கோப்பு "உள்ளே வராதே" என்கிறது. நோஇண்டெக்ஸ் "வந்து பார், ஆனால் பட்டியலில் போடாதே" என்கிறது. ஒரு பக்கத்தைத் தேடலிலிருந்து எடுக்க நினைத்து இரண்டையும் சேர்த்துப் போட்டால் காரியம் கெடும். கூகுள் உள்ளே வராததால் நோஇண்டெக்ஸைப் படிக்காது. வேறு யாராவது அந்தப் பக்கத்துக்கு லிங்க் கொடுத்திருந்தால், விவரமில்லாத வெறும் முகவரியாக அது தேடலில் தலைகாட்டலாம்.

டிக்கை எடுத்த பிறகு முகப்பு, அறைகள், வழி, பூண்டு என்று நாலைந்து முக்கியப் பக்கங்களுக்கு மட்டும் 'ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங்' கொடுங்கள். மீதிக்கு சைட்மேப் (தளத்தின் பக்க முகவரிகளின் பட்டியல்) போதும். வேர்ட்பிரஸ் 5.5 பதிப்பிலிருந்து, அதாவது 2020 முதல், சைட்மேப்பைத் தானே உருவாக்குகிறது. அதன் முகவரியைச் சர்ச் கன்சோலில் ஒருமுறை சேர்த்துவிடுங்கள். ஒரு சைட்மேப்பில் 50,000 முகவரிகள் வரை வைக்கலாம். உங்களுக்குப் பன்னிரண்டு இருக்கும். ஆகவே சைட்மேப்பைச் 'சீரமைக்க' யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

'கிரால் செய்தது, இப்போதைக்கு இண்டெக்ஸ் செய்யவில்லை' என்று ஒரு நிலை வரும். அது பூட்டு அல்ல. கூகுள் வந்து படித்துவிட்டு, வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஒன்றும் இல்லை என்று போய்விட்டது. அதற்கு மறுபடி மறுபடி கோரிக்கை அனுப்பிப் பயனில்லை. பக்கத்தில் சரக்கு ஏற வேண்டும். 'கண்டறிந்தது, இன்னும் கிரால் செய்யவில்லை' என்றால் முகவரி தெரியும், வந்து பார்க்கவில்லை. முகப்பிலிருந்து அந்தப் பக்கத்துக்குச் சாதாரண லிங்க் இருக்கிறதா என்று பாருங்கள். அழகான பட்டனாக இருந்து, அழுத்தினால் ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் ஓடும்படி செய்திருந்தால் கூகுள் அதைத் தொடராது.

அறிவுரைக்கு வயது உண்டு

எஸ்இஓ அறிவுரைகளில் பாதி ஒரு காலத்தில் உண்மையாக இருந்தவை. பக்கத்தின் தலைப்பகுதியில் கீவேர்டுகளைப் பட்டியலிடும் மெட்டா கீவேர்ட்ஸ் டேக்கைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே அறிவித்தது. இன்றும் அந்தப் பெட்டியை நிரப்பித் தருவதை ஒரு சேவையாகப் பில்லில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கேள்வி-பதில் ஸ்கீமா (பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறியீடு) போட்டால் தேடலில் பக்கத்துக்குக் கீழே கேள்விகள் விரியும் என்பார்கள். 2023 ஆகஸ்டில் கூகுள் அதை அரசு, சுகாதாரத் துறையின் நம்பகமான தளங்களோடு நிறுத்திக்கொண்டது. பக்க வேகத்தில் எஃப்ஐடி (முதல் தொடுகைக்கு ஏற்படும் தாமதம்) என்ற அளவைப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னால், அவர் 2024 மார்ச்சுக்குப் பிறகு புதிதாக எதுவும் படிக்கவில்லை. அந்த மாதம் அதன் இடத்தில், எல்லாத் தொடுகைகளையும் பார்க்கும் ஐஎன்பி வந்துவிட்டது.

ஆகவே ஓர் அறிவுரை வந்தால் நான் கேட்கச் சொல்வது: இது எப்போது சொன்னது? யார் சொன்னது? கூகுளின் சொந்த ஆவணத்தில் இருக்கிறதா? 'சர்ச் எசென்ஷியல்ஸ்' என்று ஓர் ஆவணம் இருக்கிறது. 2022 வரை 'வெப்மாஸ்டர் கைட்லைன்ஸ்' என்று பெயர். தொழில்நுட்பத் தேவை, ஸ்பாம் கொள்கை, முக்கிய நடைமுறைகள் என மூன்றே பகுதி. அதையும், கூடவே இருக்கும் எஸ்இஓ தொடக்க வழிகாட்டியையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் படித்து முடித்துவிடலாம். கட்டணப் பயிற்சி வகுப்புகள் பலவற்றில் இருப்பதைவிட அதில் விஷயம் அதிகம்.

கூகுள் சொல்வது எல்லாமே வேதவாக்கா என்றால், இல்லை. தேடல் முடிவுகளில் மக்கள் எதைக் கிளிக் செய்கிறார்கள் என்பது தரவரிசையில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று கூகுள் பல வருடம் பிடி கொடுக்காமலே பேசிவந்தது. 2023ல் அமெரிக்க நீதிமன்றத்தில் நடந்த ஏகபோக வழக்கின் சாட்சியத்தில்தான், கிளிக் தரவை வைத்து இயங்கும் 'நேவ்பூஸ்ட்' என்ற அமைப்பைப் பற்றி விவரமாக வெளியே வந்தது. ஆனால் "செய்யாதே, செய்தால் தண்டிப்பேன்" என்று கூகுள் எழுதிவைத்திருப்பதை அப்படியே நம்பலாம். "இது முக்கியமில்லை" என்று சொல்வதைத்தான் கொஞ்சம் தள்ளி நின்று கேட்க வேண்டும். கூகுளும் சொல்லாமல், உங்கள் சர்ச் கன்சோல் தரவிலும் தெரியாமல், யாரோ ஒருவருடைய வீடியோவில் மட்டும் இருக்கும் எண் ஏதாவது வந்தால், அந்த மூன்று சதவீதம் போல, தூக்கிப் போட்டுவிடுங்கள். கீவேர்டு அடர்த்திக்கு மாய எண் எதுவும் கிடையாது. மூன்று சதவீதக் கணக்குக்காக 'கொடைக்கானல் ஹோம்ஸ்டே' என்று முப்பத்து மூன்று வார்த்தைக்கு ஒருமுறை எழுதிப் பாருங்கள். இரண்டு பத்திக்கு மேல் உங்களாலேயே படிக்க முடியாது.

பேக்லிங்க் வாங்குவது ஸ்பாம் கொள்கையில் நேரடியாகப் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டது. 2016ல் போலி லிங்க்குகளைப் பிடிக்கும் பென்குவின் அல்காரிதம் மையத் தரவரிசையோடு இணைந்த பிறகு, விலைக்கு வாங்கிய லிங்க்குகளைக் கூகுள் பெரும்பாலும் எண்ணிக்கையில் சேர்க்காமல் விட்டுவிடுகிறது. ஆக, பெரும்பாலோருக்கு நடப்பது தண்டனை அல்ல, காசு வீண். கூகுள் ஊழியர் பார்த்துக் கைப்பட நடவடிக்கை எடுத்தால் சர்ச் கன்சோலில் 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' என்ற இடத்தில் எழுதிக் காட்டுவார்கள். அங்கே எதுவும் இல்லை என்றால், எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட குப்பை லிங்க்குகளைக் கண்டு பயந்து அவற்றைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளிடம் சொல்லும் டிஸ்அவோ கருவியைத் தொட வேண்டாம்.

தினம் ஒரு கட்டுரை விஷயம் இதைவிட ஆபத்து. எழுத ஆளில்லாததால் ஏஐயிடம் போவீர்கள். ஏஐ எழுதியது என்பதற்காக மட்டும் கூகுள் ஒதுக்குவதில்லை என்று 2023 பிப்ரவரியில் சொன்னார்கள். ஆனால் யாருக்கும் பயனில்லாத பக்கங்களைத் தேடலுக்காகவே குவிப்பதை, யார் எழுதினாலும் சரி, 2024 மார்ச்சில் ஸ்பாம் என்று வகைப்படுத்தினார்கள். 'மதுரையிலிருந்து கொடைக்கானல் ஹோம்ஸ்டே', 'திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானல் ஹோம்ஸ்டே', 'தேனியிலிருந்து...' என ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி நாற்பது பக்கம் போடுவதும் அதே ரகம். அதற்கு 'டோர்வே' பக்கங்கள் என்ற பழைய பெயரும் உண்டு.

ஆட்கள் என்ன தட்டுகிறார்கள்

கொடைக்கானல் என்று எழுதுகிறவர் உண்டு, கோடைக்கானல் என்று எழுதுகிறவரும் உண்டு. 'கோடை' என்று மட்டும் தட்டுகிறவர் உண்டு. ஆனால் அது வெயில் காலத்தோடு மோதும். ஆங்கில எழுத்தில் "கொடைக்கானல்ல ரூம்" என்று தங்கிலீஷில் தட்டுகிறவர்கள் இவர்கள் எல்லோரையும்விட அதிகம் இருக்கக்கூடும். நீலகிரிக்காரர்களுக்கு இன்னும் கஷ்டம்: ஊட்டி, உதகை, உதகமண்டலம் மூன்றும் ஒரே ஊர், கோத்தகிரிக்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக்கூட்டு.

இதற்காக எல்லா வடிவத்தையும் பக்கத்தின் அடியில் வரிசையாகக் கொட்ட வேண்டாம். எழுத்துப்பிழை, மாற்றுப் பெயர்கள் கூகுளுக்குப் பெருமளவு தெரியும். தலைப்பில் ஒரு வடிவம், உடலில் இயல்பாக வரும் இடத்தில் இன்னொன்று, அவ்வளவு போதும். உருபு ஏறிய சொற்களைப் பற்றியும் கவலை வேண்டாம். 'பூம்பாறை' என்று தேடுகிறவருக்காக 'பூம்பாறையில்', 'பூம்பாறைக்கு' என்று எழுதுவதைத் தவிர்த்து மொட்டையாக எழுதினால் தமிழ்தான் கெடும்.

சின்ன ஊர்களுக்குக் கீவேர்டு பிளானர் (ஒரு சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் கருவி) உருப்படியான எண் தராது. அதைவிட நல்ல கருவி உங்கள் வாட்ஸ்அப். கடந்த மூன்று மாதத்தில் அறை கேட்டவர்கள் அனுப்பிய கேள்விகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். வீடு வரைக்கும் கார் வருமா? டெம்போ டிராவலர் திரும்ப இடம் இருக்கா? ராத்திரி எவ்வளவு குளிரும், கம்பளி கொடுப்பீர்களா? வெந்நீர் கீசரா, விறகு அடுப்பா? எந்த சிம்முக்குச் சிக்னல்? இ-பாஸ் நாங்கள் எடுக்கணுமா, நீங்கள் எடுத்துத் தருவீர்களா? கொடைரோட்டில் ரயில் இறங்கினால் பக்கமா? இவை ஒவ்வொன்றும் யாரோ கூகுளில் தட்டிப் பதில் கிடைக்காமல் உங்களிடம் கேட்டது. கொடைரோடு நிலையம் அடிவாரச் சமவெளியில் இருக்கிறது, கொடைக்கானலுக்கு அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர் என்று ஒரு வரி எழுதியிருந்தால், வடக்கிலிருந்து ரயிலில் வருகிற ஒரு குடும்பம் உங்கள் பக்கத்தை மூடாமல் கடைசிவரை படிக்கும். இ-பாஸ் முறை சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வந்தது. விதிகள் மாறக்கூடியவை என்பதால், அரசுத் தளத்துக்கு லிங்க் கொடுத்து, கீழே 'இந்தத் தேதியில் சரிபார்த்தது' என்று எழுதுங்கள். சரிபார்க்காமல் தேதியை மட்டும் புதுப்பிப்பது ஏமாற்று. அது நாலு பேருக்குத் தெரிந்துவிடும்.

அறைப் பக்கம் ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம்

வழக்கமாகப் பார்க்கக் கிடைப்பது இப்படி இருக்கும். தேடல் முடிவில் தலைப்பாக வரும் டைட்டிலில் 'ரூம்ஸ்' என்று ஒரு சொல். கீழே பள்ளத்தாக்கின் படம், போனில் எடுத்தபடியே 5 எம்பி. அதற்கும் கீழே வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்காகச் செய்த ரேட் கார்டு, அதுவும் படமாக. கடைசியில் "இயற்கையின் மடியில் மறக்க முடியாத அனுபவம்".

டைட்டில்: 'பூம்பாறையில் 2 அறை ஹோம்ஸ்டே, வீட்டுச் சாப்பாட்டுடன்' என்று தொடங்கி, பின்னால் உங்கள் பெயர். டைட்டிலுக்கு 60 எழுத்து என்று சொல்லும் கணக்கு ஆங்கிலத்துக்குப் போட்டது. தேடல் முடிவில் டைட்டில் வெட்டப்படுவது திரையின் அகலத்தைப் பொறுத்து. தமிழ் எழுத்து அகலம் கூடியது, சீக்கிரம் வெட்டுப்படும். எனவே ஊரும் பொருளும் முன்னால். ஒவ்வொரு பக்கத்துக்கும் டைட்டில் வேறாக இருக்கட்டும். எல்லாப் பக்கத்திலும் ஒரே டைட்டில் இருந்தாலோ, 'ஹோம்' என்று மட்டும் இருந்தாலோ, கூகுள் பக்கத்தின் தலைப்பிலிருந்து ஏதாவது எடுத்துத் தானே எழுதிக்கொள்ளும். டைட்டிலுக்குக் கீழே வரும் சுருக்கத்துக்காக எழுதும் மெட்டா டிஸ்கிரிப்ஷன் தரவரிசையை ஏற்றாது. ஆனால் கிளிக் செய்யலாமா என்று முடிவு செய்ய உதவும். அதில் வாடகை எதிலிருந்து தொடங்குகிறது, கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டிலிருந்து எத்தனை நிமிடம் என்று எழுதினால் போதும்.

ரேட் கார்டை எழுத்தாக, சாதாரண அட்டவணையாக மாற்றுங்கள். படத்துக்குள் இருக்கும் எண்ணைத் தேடுபொறி சரியாகப் படிக்கும் என்று நம்ப முடியாது. கண் தெரியாதவர் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம்தான். இதே காரணத்தால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய தமிழைத் தளத்தில் ஒட்டாதீர்கள். உங்கள் திரையில் தமிழாகத் தெரிவது கூகுளுக்கு ஆங்கில எழுத்துக் குப்பையாகப் போகும். டிடிபி சென்டரில் அடித்து வாங்கிய நோட்டீஸிலிருந்து நகல் எடுக்கும்போது இது நடக்கும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே போட வேண்டும்.

இப்போது அந்த 5 எம்பி படம். மலைச்சாலையில் சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு என்று ஊசலாடும். நொடிக்கு 2 மெகாபிட் கிடைத்தால்கூட 5 எம்பி இறங்க 20 விநாடி. உங்கள் 'வழி' பக்கத்தைத் திறப்பவரோ காரில் உட்கார்ந்து, எந்த இடத்தில் பிரிய வேண்டும் என்று தேடிக்கொண்டிருப்பார். படத்தின் அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி என்ற பட வடிவில் சேமித்தால், பெரும்பாலான படங்கள் 150 கேபி பக்கம் வந்துவிடும்; அதே சிக்னலில் ஒரு விநாடிக்குள் இறங்கும். கூகுள் பார்க்கும் அளவுகள் மூன்று: பெரிய படம் அல்லது பத்தி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லிவிநாடிக்குள் பதில் வர வேண்டும். பக்கம் குதிக்கும் அளவு 0.1ஐத் தாண்டக்கூடாது. வருகிறவர்களில் நான்கில் மூன்று பேருக்கு இது நிறைவேற வேண்டும் என்பதே இலக்கு. குதிப்பதற்கு வழக்கமான காரணம், படத்துக்கு அகல உயரம் குறிப்பிடாமல் விடுவது. படம் தாமதமாக வந்து எழுத்தைக் கீழே தள்ளும், வாடகையைத் தொடப்போன விரல் வேறு எதையோ தொடும். இன்னொரு தவறு, வேகப் பிளகின் ஒன்றைப் போட்டு எல்லாப் படத்துக்கும் 'லேஸி லோடிங்' (திரைக்கு வரும்போதுதான் படத்தை இறக்குவது) கொடுத்துவிடுவது. கீழே இருக்கும் படங்களுக்கு அது நல்லது. மேலே முதலில் தெரிய வேண்டிய படத்துக்கும் போட்டால், அதுவே பக்கத்தைத் தாமதமாக்கும்.

கூகுளின் வேகச் சோதனைக் கருவியான பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் 100 மதிப்பெண் வாங்குவதற்காக ராப்பகலாக உட்கார வேண்டாம். அந்த மதிப்பெண் ஆய்வகச் சோதனையின் கணக்கு. உண்மையான வருகையாளர் தரவு கடைசி 28 நாளைச் சேர்த்து எடுக்கப்படுவது. வருகை குறைந்த தளத்துக்கு அது கிடைக்கவே கிடைக்காது. சிக்னல் குறைந்த இடத்தில் நின்று உங்கள் போனில் நீங்களே திறந்து பார்ப்பது இந்த அளவுக்குப் போதுமான சோதனை.

"இயற்கையின் மடி" வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், ஜன்னலைத் திறந்தால் பூம்பாறையின் படிக்கட்டு வயல் தெரிகிறதா, குழந்தை வேலப்பர் கோயிலுக்கு நடந்து போக எத்தனை நிமிடம், காலையில் மூடுபனி எத்தனை மணிக்கு விலகும், மன்னவனூர் போகக் காலையில் எப்போது கிளம்பினால் நல்லது என்று எழுதுங்கள். 2022 டிசம்பரில் கூகுள் தன் தர மதிப்பீட்டாளர்களுக்கான கையேட்டில் 'அனுபவம்' என்ற ஒன்றைப் புதிதாகச் சேர்த்தது: எழுதியவர் அந்த இடத்தில் இருந்தவரா, அந்தப் பொருளைத் தொட்டவரா என்று பார்க்கச் சொல்கிறது. சென்னையில் உட்கார்ந்து பத்து ஊருக்குப் பக்கம் தயாரிக்கிற புக்கிங் நிறுவனத்திடம் பணம், ஆள், லிங்க் எல்லாம் இருக்கும். மூடுபனி விலகும் நேரம் இருக்காது.

தமிழும் ஆங்கிலமும்

இரண்டு மொழியிலும் வேண்டுமென்றால் இரண்டுக்கும் தனித்தனி முகவரி வேண்டும். மூலையில் ஒரு பட்டன் வைத்து, அதே முகவரியில் எழுத்தை மட்டும் மாற்றிக் காட்டும் மொழிபெயர்ப்பு விட்ஜெட் தேடலுக்கு உதவாது. தமிழ்ப் பக்கத்தில் 'இதன் ஆங்கில வடிவம் அங்கே' என்றும், ஆங்கிலப் பக்கத்தில் 'இதன் தமிழ் வடிவம் இங்கே' என்றும் எச்ரெஃப்லேங் குறிப்பு இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சொல்லி, மறு பக்கம் சொல்லாவிட்டால் கூகுள் அதைக் கணக்கில் எடுக்காது. வருபவர் எந்த நாட்டிலிருந்து வருகிறார் என்று பார்த்துத் தானாக மொழி மாற்றி அனுப்பும் ஏற்பாடும் வேண்டாம். கூகுளின் கிராலர் பெரும்பாலும் அமெரிக்க முகவரியிலிருந்து வருவதால், அது உங்கள் தமிழ்ப் பக்கத்தைப் பார்க்காமலே திரும்பிவிடும்.

முகவரியைத் தமிழிலேயே வைக்கலாமா? கூகுளுக்கு ஆட்சேபணை இல்லை. நடைமுறையில் ஒரு தொந்தரவு உண்டு. யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்; பகிரும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். 'பூம்பாறை' என்பது கணினிக்கு எட்டுக் குறி. ஒட்டும்போது 72 எழுத்தாக நீளும். வாட்ஸ்அப்பில் பாதியில் உடைந்த லிங்க் யாருக்கும் வேண்டாம். ஆங்கில எழுத்தில் சின்னதாக, சொற்களுக்கு நடுவே சிறுகோடு வைத்து எழுதுவதுதான் என் தேர்வு.

வரைபடம்

அறையைப் பொறுத்தவரை, வெப்சைட்டைவிட, வரைபடத்தில் உங்கள் தொழிலைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்தான் முதலில் பலன் தரும். வரைபட முடிவுகளைத் தீர்மானிப்பவை மூன்று என்று கூகுளே சொல்கிறது: பொருத்தம், தூரம், பிரபலம். தூரத்தை நீங்கள் மாற்ற முடியாது. ஏரிப் பக்கம் நின்று 'ஹோம்ஸ்டே' என்று தேடுகிறவருக்கு ஏரியைச் சுற்றி இருப்பவைதான் முதலில் வரும். அதற்காக ஏரிக்கரையில் போலி முகவரி போட்டால் ப்ரொஃபைல் முடங்கும். பெயர்ப் பலகையில் என்ன இருக்கிறதோ அதுதான் பெயர். பெயரோடு 'பெஸ்ட் ஹோம்ஸ்டே இன் கொடைக்கானல்' என்று ஒட்டுவதும் விதி மீறல். ஆளில்லாமல் வாடகைக்கு விடும் விடுமுறை வீடுகளுக்கு ப்ரொஃபைல் தகுதி இல்லை; நீங்கள் அங்கேயே இருந்து நடத்துவதால் சிக்கல் இல்லை.

வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும் பின்னை உங்கள் வாசலில் நின்று வையுங்கள். மலையில் நேர்க்கோட்டில் 200 மீட்டர் தள்ளி வைத்த பின் குறி, காரை அடுத்த வளைவில் உள்ள எஸ்டேட் கேட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தும். விமர்சனத்துக்குத் தள்ளுபடி தருவது கொள்கைப்படி தவறு. கிளம்பும்போது லிங்க் அனுப்பிக் கேட்பது சரி. கேட்கும்போது, நல்லதாகச் சொல்வார் என்று தோன்றுகிறவர்களை மட்டும் பொறுக்கக்கூடாது.

பூண்டு

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைச் சொல்லும் தளங்கள் ஏராளம். அதற்குமேல் உங்களிடம் இருப்பதைச் சொல்லுங்கள்: எந்த மாதம் தோண்டியது, எத்தனை நாள் காயவைத்தது, கிலோவுக்கு எத்தனை முழுப்பூண்டு நிற்கும், கூரியரில் நசுங்காமல் எப்படிக் கட்டுகிறீர்கள். புராடக்ட் ஸ்கீமாவில் விலை, ரூபாய், இருப்பு மூன்றையும் நிரப்பி, 'ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட்' என்ற இலவசக் கருவியில் சோதியுங்கள். பக்கத்தில் தெரியாத விலையை ஸ்கீமாவில் எழுதக்கூடாது. உங்கள் ஹோம்ஸ்டேக்கு நீங்களே நட்சத்திரம் போட்டு ஸ்கீமா எழுதினாலும் தேடலில் நட்சத்திரம் தெரியாது, 2019லிருந்து அப்படி.

சரக்கு தீர்ந்ததும் பக்கத்தை அழிப்பதும், அடுத்த அறுவடைக்குப் புதுப் பக்கம் போடுவதும்தான் இங்கே நடக்கும் பெரிய தவறு. போன வருடம் யாராவது சமையல் குறிப்பில் கொடுத்த லிங்க் 404க்கு, அதாவது 'பக்கம் இல்லை' என்ற செய்திக்கு, போகும். சேர்த்த பெயரெல்லாம் போய் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குவீர்கள். பக்கம் அப்படியே இருக்கட்டும். 'இருப்பில்லை, அடுத்த அறுவடை இந்த மாதம், வேண்டுவோர் வாட்ஸ்அப்பில் பெயர் சொல்லி வையுங்கள்' என்று மாற்றினால் போதும். கோடை விழா பற்றிய பக்கத்துக்கும் இதே. முகவரியில் வருடத்தைப் போடாதீர்கள். உள்ளடக்கத்தை வருடாவருடம் மாற்றுங்கள். குறிஞ்சிக்கு மட்டும் வருடத்தைத் தாராளமாக எழுதலாம்: 2018ல் பூத்தது, 12 வருடக் கணக்கில் அடுத்தது 2030. அந்தப் பக்கத்தை இப்போதே எழுதி வைக்கிறவர் முன்னால் நிற்பார்.

கணக்கு பார்ப்பது

சர்ச் கன்சோலில் 16 மாதத் தரவு கிடைக்கும். மலையில் தொழில் செய்கிறவர்களுக்கு அந்த எண் முக்கியம். ஜூன் வந்ததும் வருகை பாதியாகக் குறைந்ததைப் பார்த்து, "கூகுள் அப்டேட்டில் அடிபட்டோம்" என்று பதறுகிறவர்கள் உண்டு. பள்ளி திறந்துவிட்டது, அவ்வளவுதான். மே மாதத்தைப் போன மே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். ஒரு வாரத்துக்குப் பத்துக் கிளிக் வரும் தளத்தில் பன்னிரண்டு வந்தால் அது வளர்ச்சி அல்ல. 28 நாளாவது சேர்த்துப் பாருங்கள். முடிவுகளில் தோன்றியது அதிகம், கிளிக் குறைவு என்ற தேடல்களை முதலில் எடுத்து, அந்தப் பக்கத்தின் டைட்டிலைத் திருத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். தேதியோடு நோட்டில் எழுதுங்கள். ஒரே நாளில் தீம், டைட்டில், முகவரி மூன்றையும் மாற்றினால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. முகவரியை மாற்றியே ஆக வேண்டுமென்றால், பழையதிலிருந்து புதியதற்கு 301 ரீடைரக்ட் பக்கத்துக்குப் பக்கம் போட வேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடுவது குறுக்குவழி, கூகுள் அதைக் காணாமற்போன பக்கமாகவே எடுத்துக்கொள்ளும்.

நோஇண்டெக்ஸை எடுத்தபின் பெயர்த் தேடல் சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் சரியாகும். 'பூம்பாறை ஹோம்ஸ்டே' போன்ற குறுகிய தேடல்களுக்கு ஒரு சீசன் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் 'கொடைக்கானல் ஹோட்டல்' என்பதை விட்டுவிடுங்கள். அங்கே பெரிய புக்கிங் தளங்கள் உட்கார்ந்திருக்கின்றன, இரண்டு அறைக்கு அந்தச் சண்டை தேவையும் இல்லை.

வெளியாளிடம் வேலையைக் கொடுப்பதானால், முதலிடம் உத்தரவாதம் என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடலாம். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது. சர்ச் கன்சோலில் அவருக்கு 'ஓனர்' உரிமை தேவையில்லை, 'ஃபுல் யூசர்' போதும். பிசினஸ் ப்ரொஃபைலில் 'மேனேஜர்' போதும். டொமைன் யாருடைய ஈமெயிலில் பதிவாகியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். தளம் செய்து கொடுத்தவர் பெயரில் இருந்தால், சண்டை சச்சரவு இல்லாமல் இருக்கும்போதே உங்கள் பெயருக்கு மாற்றி வாங்கிவிடுங்கள். புதுப்பிக்கும் தேதி சீசன் நடுவில் வருகிறதென்றால் இரண்டு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள்.